சிலோட்டுக்கு வந்த வழி

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றுக் கர்வால் மலைக்குத் திரும்பிய சுபேதார் கேசர் சிங் ராவத்துக்கு இரண்டே வேலைகள் இருந்தன. ஒன்று, ஆப்பிள் மரங்களைக் குரங்குகளிடமிருந்து காப்பது. இன்னொன்று, சிலோட் கிராமத்து ராவத்துகளின் வரலாற்றை எழுதுவது. முதல் வேலையில் குரங்குகள் ஜெயித்துவிட்டன. அதனால் வரலாறு வேகமாக வளர்ந்தது.

ராஜபுத்திரர்களின் சித்தோர்க் கோட்டை விழுந்த அன்று நூறு குதிரைகளோடும் குலதெய்வத்தின் வாளோடும் புறப்பட்ட வீரர்களின் வாரிசுகள் தாங்கள் என்று அவர் எழுதினார். ஆதாரம் கேட்டால் அப்பா சொன்னதாகச் சொல்வார். மேற்கொண்டு கேட்கும் துணிச்சல் ஊரில் அவர் மனைவி பூர்ணா தேவிக்கு மட்டும்தான் உண்டு.

“நம்ம ஏத்தத்துல ஒரு கோவேறு கழுதை ஏறவே நாலு தடவை நிக்குது. நூறு குதிரை எந்த வழியா வந்துச்சாம்?”

“அப்ப பாதை நல்லா இருந்துச்சு.”

“பாதையே போன வருஷந்தானே போட்டாங்க!”

இந்த நேரத்தில்தான் மகள் ஹேமந்திக்கு வரன் வந்தது. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற டங்சால் கிராமம். அங்கே மாட்டை அதட்டினால் இங்கே மாடு திரும்பிப் பார்க்கும், அவ்வளவு தூரம்தான். மாப்பிள்ளை திர்பால் அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவன். ஹேமந்தி அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். எல்லாம் அவர்களுக்குள் முடிவாகியிருந்தது. பெரியவர்களுக்குச் சொல்வதுதான் பாக்கி. பையனின் அப்பா பக்தாவர் சிங் நேகி, வாய்ப்பக்கம் கீரை கட்டிய தயிர்க் குடத்தோடு, மலை வழக்கப்படி பெண் கேட்க வந்து சேர்ந்தார்.

“நேகிஜி, தப்பா நெனைக்காதீங்க. பையன் தங்கம். ஆனா நாங்க சித்தோர்லேருந்து வந்தவங்க. நீங்க இங்கயே மொளைச்சவங்க, காஞ்சொறி மாதிரி,” என்றார் கேசர் சிங்.

“காஞ்சொறியத் தொட்டா என்ன ஆகும்னு சுபேதார் சாப்புக்குத் தெரியுமில்ல?” என்று எழுந்து போனார் பக்தாவர் சிங். குடத்தை எடுத்துப் போகவில்லை. எடுத்துப் போகச் சொல்ல சுபேதாருக்கும் வாய் வரவில்லை. தயிர் நன்றாக இருந்தது.

அன்றிலிருந்து ஹேமந்தி அம்மாவுக்கு மட்டும் போன் செய்தாள். அப்பா எடுத்தால் ‘ராங் நம்பர்’ என்று வைத்தாள். அவர் அதைப் பொருட்படுத்தாதவர் போல இருந்தார். ஊர் முகப்பில் சித்தோர் வீரர்களின் நினைவாகக் கல் வளைவு ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. வைகாசியில் திறப்பு விழா. அன்றே புத்தக வெளியீடு. முதல் பக்கத்தில் போட ஓர் அசல் ஆதாரம் இருந்தால் நன்றாக இருக்குமென்று ஹரித்வாருக்குப் பஸ் ஏறினார். மலையூர்களின் வம்சாவளியை எழுதி வைத்திருக்கும் பண்டாக்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

பண்டா வித்யாதர், சிவப்புத் துணி சுற்றிய நீளமான ஏட்டைப் பிரித்தார். விரலால் பதினோரு தலைமுறை கீழே இறங்கினார். பிறகு வாசித்தார்:

“ஜ்யோத்து. டங்சால் கிராமத்து நேகி. எருது விஷயமா அண்ணனோட சண்டை. ஆறு தாண்டி சிலோட்டுல வீடு கட்டி, ராவத்துன்னு பேர மாத்திக்கிட்டான்.”

“அதுக்கு முன்னாடி?”

“டங்சால்தான், ஜஜ்மான்.”

“அதுக்கும் முன்னாடி?”

“அதுக்கும் முன்னாடி கங்கைக்கே யாரும் வரல. மலையிலயே இருந்திருப்பாங்க.”

“சித்தோர்னு எங்கயாவது...”

“சித்தோர்காரங்களுக்குப் பண்டா வேற. அடுத்த தெரு. வேணும்னா அங்க கேட்டுப் பாருங்க,” என்று ஏட்டைச் சுற்றத் தொடங்கிய வித்யாதர், “போன வாரங்கூட டங்சால்லேருந்து ஒருத்தர் வந்து இதே பக்கத்தப் போட்டோ எடுத்துக்கிட்டுப் போனார்,” என்றார்.

திரும்பும் பஸ்ஸில் கேசர் சிங் வளைவுக்கு வளைவு கணக்குப் போட்டார். நூறு குதிரைகள் வரவில்லை. ஒரே ஒரு எருது வந்திருக்கிறது. அதுவும் யாருடையது என்று வழக்கு இருந்திருக்கிறது.

மறுநாள் காலை முற்றத்தில் பக்தாவர் சிங் உட்கார்ந்திருந்தார்.

“வா தம்பி,” என்று வீட்டுக்காரரையே வரவேற்றார். “பயப்படாத, எருதத் திருப்பிக் கேக்க வரல.”

“என்னதான் வேணும்?”

“ரெண்டு வழி இருக்கு. நாம பங்காளின்னா, மூத்த கிளைக்குத்தானே முதல் மரியாதை? திறப்பு விழாவுல நானே மைக்கப் பிடிச்சு நம்ம கதையச் சொல்லிடறேன். இல்ல, நீங்க சித்தோர்தான்னா, நமக்குள்ள ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. தாராளமா சம்பந்தம் பண்ணலாம். சம்பந்தி வம்சத்த எவனாவது குறை சொல்லுவானா?”

“ஒரே கொடின்னு தெரிஞ்சுமா பொண்ணு கேக்கறீங்க?”

“யாருக்குத் தெரியும்? எனக்குக் கண்ணு மங்கல், எழுத்து புரியல. உங்களுக்குப் புரிஞ்சுதா?”

சமையலறையிலிருந்து பூர்ணா தேவியின் குரல் வந்தது: “பதினோரு தலைமுறைக்கு முந்தின மாட்டுச் சண்டைக்காக எம்பொண்ணு கன்னியா நிக்கணுமா? சித்தோர்னு சொல்லித் தொலைங்களேன்! இத்தனை நாளா அதத்தானே சொல்லிட்டிருந்தீங்க!”

கேசர் சிங் ஆற்றைப் பார்த்தார். ஆற்றுக்கு அப்பால் டங்சாலின் கூரைகளைப் பார்த்தார்.

“சித்தோர்தான்,” என்று வாழ்நாளில் முதல் தடவையாக மெதுவாகச் சொன்னார்.

ஆனால் காஞ்சொறிக்குப் பெண் கொடுத்ததாக நாளைக்கு யாரும் பேசக்கூடாதே. அதனால் புத்தகத்தில் ஓர் அத்தியாயத்தைச் சேர்த்தார். டங்சால் நேகிகள் மாளவத்தின் தார் நகரத்திலிருந்து வந்தவர்களாம். பக்தாவர் சிங் அதை, மங்கிய கண்ணாலேயே, ஒரு வரி விடாமல் படித்தார்.

“எங்களுக்கு எண்பது குதிரைதானா?”

“தார் கொஞ்சம் சின்ன ஊரு.”

“மாப்பிள்ளை வீடு நாங்க. நூத்தியொண்ணு போடுங்க.”

நூற்றில் பேரம் படிந்தது.

வைகாசியில் வளைவைத் திறந்து புத்தகத்தையும் வெளியிட்டார்கள். கார்த்திகையில் கல்யாணம். ஹேமந்தி அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டபோது அவருக்குக் கண் கலங்கியது. அந்தக் கலக்கம் ஆறுவதற்குள், கீழே ஊரிலிருந்து வந்திருந்த போட்டோக்காரன் மேடையைப் பார்த்துக் கத்தினான்: “அண்ணன் தம்பி ரெண்டு பேரும் கொஞ்சம் ஒட்டி நில்லுங்க!”

“சம்பந்திடா!” என்று இருவரும் ஒரே குரலில் அதட்டினார்கள். பூர்ணா தேவி சிரிப்பை அடக்க முடியாமல் பந்தி பரிமாறும் பக்கம் ஓடிவிட்டார்.

அடுத்த மாதம், மேல்மலையில் இருக்கிற பங்ரோட் கிராமத்துத் தலைவர் ஒரு தகரம் நிறைய நெய்யோடு வந்து உட்கார்ந்தார். நெடுநேரம் மழையைப் பற்றிப் பேசினார். கரடி ஏறிய சோளக்காட்டைப் பற்றிப் பேசினார். கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

“சுபேதார் சாப், எங்க ஊரும் எங்கேருந்தாவது வந்திருக்குமில்ல?”

கேசர் சிங் நெய்த் தகரத்தின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காகிதத்தை எடுத்தார்.

“குஜராத் பக்கம் சம்மதமா?” என்றார்.