பாகு பார்த்த விரல்

பாகுக்குப் பதம் பார்க்க எனக்குக் கண் வேண்டாம், விரல் போதும். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, தண்ணீருக்குள்ளேயே விரலால் கூட்டி உருட்டிப் பார்ப்பேன். கரைந்து ஓடினால் இன்னும் கொதிக்கவேண்டும். மெத்தென்று அமுங்கினால் ஃபட்ஜுக்கு ஆயிற்று. அமுங்காமல் விரலைவிட்டு நழுவினால் கடலை உருண்டைக்கு ஆயிற்று. பதினோரு வருஷத்தில் ஒருமுறைகூட நான் இதில் ஏமாந்ததில்லை. பீற்றிக்கொள்வதற்காகச் சொல்லவில்லை. என் விரலை நான் எவ்வளவு நம்புகிறவள் என்பது தெரிந்தால்தான் மற்றது புரியும்.

ஃபட்ஜ் என்றதும் என்னவோ என்று நினைக்கவேண்டாம். திருநின்றவூர் ஃபிளாட்டில் குடியிருக்கும் மைத்ரேயி மேடம் ஒருநாள் போனில் படம் காட்டி, இந்த மாதிரி பீனட் பட்டர் ஃபட்ஜ் செய்து தரமுடியுமா என்று கேட்டார். சர்க்கரையும் வெண்ணெயுமாக வெள்ளைக்காரன் தின்கிற பண்டம். திருப்பாச்சூரில் எங்கள் கொல்லையில் விளைகிற வேர்க்கடலை இருக்கும்போது எனக்கென்ன பயம்? வறுத்து, துணியில் போட்டுத் தேய்த்துத் தோல் நீக்கி, புடைத்து, மிக்ஸியில் எண்ணெய் விடும்வரை அரைத்தேன். வெல்லப் பாகில் அதைக் கொட்டி, நெய் விட்டுக் கிளறி, தட்டில் அழுத்தி வில்லை போட்டேன். அந்த மேடம் பெட்டியைத் திறந்த இடத்திலேயே நாலு வில்லை தின்றுவிட்டார். அன்றிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் எங்கள் வீட்டில் ஃபட்ஜ்தான்.

பாகுக்கு வெல்லம் நுணுக்கிப் போடுவதும், சூட்டோடு தட்டில் அழுத்துவதும் நர்மதாவின் வேலை. நர்மதா என் ஓரகத்தி. என் வீட்டுக்காரர் மணவாளனின் தம்பி விமலைக் கட்டியவள். விமலுக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. பாதி நாள் அங்கேயே அறையில் தங்கிவிடுவான். ஆகவே அவள் பொழுது முழுக்க என்னோடுதான். எனக்கு எட்டு வயது இளையவள், வாய் மட்டும் எனக்கு மூத்தது. நான் ஒன்று சொன்னால் இரண்டு சொல்லுவாள். நாங்கள் சண்டை போடாத நாளில் தெருவில் இருப்பவர்கள் வந்து உடம்பு சரியில்லையா என்று விசாரிப்பார்கள்.

போன கார்த்திகையில், அமாவாசைக்கு மறுநாள், ஒரு தட்டு ஃபட்ஜ் கத்தி வைத்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. எனக்கு வந்ததே கோபம்.

“இன்னாடி இது, புட்டு மாதிரி உதுருது? ரெண்டு மண்டை வெல்லம் எடுத்து வெச்சேன். ஒண்ணரைதான் போட்டிருக்கே. மீதி எங்க? ஊட்ல பூனை வெல்லம் துன்னுதா?”

பதிலுக்கு அவள், “பூனை இல்ல, ஒம் புருஷன் துன்னாரு,” என்றாவது சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. இடது கையால் தட்டைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் கவனித்தேன், கொஞ்ச நாளாகவே இவள் தட்டை இடது கையால்தான் அழுத்துகிறாள்.

“வாயத் தொறடி.”

“கொளத்துல கரைக்க எடுத்துக்கினு போனேங்கா. அமாவாசைக்கு.”

திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் அமாவாசையன்று வெல்லம் கரைத்தால், உடம்பிலிருக்கும் மரு, கட்டி எல்லாம் அதோடு சேர்ந்து கரைந்துவிடும் என்பார்கள். எங்கள் பக்கத்தில் கரைக்காத குடும்பம் கிடையாது. “ஒனக்கு இன்னாடி மரு?” என்றேன், இன்னும் கோபம் தணியாமல்.

அவள் கதவைச் சாத்தினாள். அடுத்த தட்டுக்குப் பாகு பார்த்துக் கிண்ணத்தில் நனைந்திருந்த என் கையைப் பிடித்து, ரவிக்கைக்குள் வலது பக்கம் வைத்தாள். என் விரல் பழக்கதோஷத்தில் தானாகவே உருட்டிப் பார்த்தது. அமுங்கவில்லை. நழுவவும் இல்லை. எனக்குத் தெரிந்த எந்தப் பதத்திலும் அது சேரவில்லை.

“எத்தினி நாளா?”

“ஆடிலேர்ந்து. வலியே இல்லக்கா. கைய தூக்குனாதான் லேசா இழுக்குது.”

“அடிப்பாவி! அஞ்சு மாசமா? கெளம்பு, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

“போ மாட்டேன்.” அவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். “எங்கம்மாவுக்கும் இதேதான் வந்துது. கத்தி வெச்சாங்க. வெச்ச ஆறாவது மாசம் தூக்கிக்கினு போனோம். கத்தி படாம இருந்தா இன்னும் பத்து வருஷம் இருந்திருக்கும்.”

“அது அந்தக் காலம்டி. முத்திப்போய் காட்டியிருப்பாங்க.”

“நீதானேக்கா சொன்ன? மூணு அமாவாசை கரைச்சேன், மரு இருந்த எடமே தெரியலன்னு. ஒனக்குக் கரைஞ்சது எனக்குக் கரையாதா?”

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். நாலு வருஷம் முன்பு என் வலது ஆட்காட்டி விரலில், அதுவும் பாகு பார்க்கிற விரலில், கடலை அளவுக்கு ஒரு மரு வந்தது. இனிப்பு செய்கிறவள் கையில் மரு இருந்தால் யார் வாங்குவார்கள்? குளத்தில் வெல்லம் கரைத்தேன், உண்மைதான். ஆனால் மெடிக்கல் கடையில் மருவுக்கென்று ஒரு பாட்டில் சொட்டு மருந்தும் வாங்கி, தினமும் குச்சியால் தொட்டு வைத்தேன். எரிச்சல் உயிர் போகும். இரண்டாவது அமாவாசைக்கு முன்பே மரு கறுத்து உதிர்ந்துவிட்டது. ஊரில் சொல்லும்போது மருந்தை விட்டுவிட்டேன். சொட்டு மருந்துக் கதையை யார் கேட்பார்கள்? பெருமாள் கதை என்றால் நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். சொல்லச் சொல்ல இரண்டு அமாவாசை மூன்றாயிற்று. பிற்பாடு எனக்கே அதுதான் நடந்ததென்று பட்டுவிட்டது. அந்தக் கதையை அதிகம் கேட்டவள் நர்மதா.

“அது பொய்டி,” என்றேன். “மெடிக்கல்ல மருந்து வாங்கித் தடவினேன். அதுலதான் போச்சு. பெருமைக்குச் சொன்னேன்.”

அவள் என்னையே பார்த்தாள். “சாமி விசயத்துல பொய் சொல்லாதக்கா. என்ன ஆஸ்பத்திரிக்கு இஸ்துக்கினு போறதுக்காக இப்டிலாம் பேசற.”

“ஐயோ, இப்ப சொல்றதுதான்டி நெசம்.”

“நாலு வருஷமா சொன்னது பொய்யி, இன்னிக்கு ஒரு நாள் சொல்றது நெசமா?”

உதிர்ந்த ஃபட்ஜை வழித்து டப்பாவில் போட்டேன்.

மறுநாள் காலையில் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. பழைய பாட்டிலை என்றோ தூக்கிப் போட்டாயிற்று. அதனால் மெடிக்கலுக்குப் போய் அதே மருந்தில் புதிதாக ஒன்று வாங்கினேன். “பரண்மேல தேடுனேன், கெடச்சுது, பாரு,” என்று அவளிடம் நீட்டினேன். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“மூடி சீலுகூட பிரிக்கலியேக்கா. இதையா தடவுன?” என்று என் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

இருக்கிற உண்மைக்கு நானே குழி வெட்டிவிட்டேன். இனி எதைச் சொல்லி அவளை நம்பவைப்பேன்?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். மனுஷர் முகம் வெளுத்துப்போனார். “தம்பி பொண்டாட்டிகிட்ட போய் மாரப் பத்தி நான் எப்டி பேசறது? விமல்கிட்ட சொல்லு,” என்றார். விமலுக்குப் போன் செய்தேன். அந்த வாரமே ஓடிவந்தான். அவள் அவனிடம், சூட்டுக் கட்டி, அமுங்கிவிட்டது, அக்கா சும்மா பயமுறுத்துகிறாள் என்று சொல்லிவிட்டாள். அவன் பாவம், நம்பவேண்டும் என்றே வந்தவன். நம்பிவிட்டு அடுத்த ஷிஃப்டுக்குப் போனான். கடைசியில் நானே ஒரு லேடி டாக்டரிடம் போய் அரை மணி நேரம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஆளைக் கூட்டிக்கிட்டு வாங்கம்மா. நீங்க சொல்றத வெச்சு நான் எதைப் பாக்கறது? ஆனா லேட் பண்ணாதீங்க,” என்றார்.

ஆளை எப்படிக் கூட்டிவருவது? முப்பத்திரண்டு வயதுப் பெண்ணைத் தூக்கியா வரமுடியும்? கெஞ்சினேன், திட்டினேன், இரண்டு நாள் சோறு தின்னாமல் இருந்துகூடப் பார்த்தேன். அவள் எனக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்து முன்னால் கொண்டுவந்து வைத்தாள். மூன்றாம் நாள் ஒரு பேச்சுக்கு வந்தாள்.

“மூணு அமாவாசை சேர்ந்தாப்ல வரணும்க்கா. எனக்கு நடுவுல தீட்டு வந்து வந்து விட்டுப்போச்சு. இந்தக் கார்த்திகைல புதுசா ஆரம்பிச்சிருக்கேன். மார்கழி, தை. தை அமாவாசை முடிஞ்சும் கரையலன்னா நீ கூப்ட எடத்துக்கு வரேன். சத்தியம்.”

ஒன்றரை மாதத்துக்கு மேல் இருந்தது. வேறு வழி தெரியாமல் தலையாட்டினேன். எனக்கு அவள்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த கோபம்தான் அதிகம்.

வேலை மட்டும் நிற்கவில்லை. பொங்கலுக்கு ஃபிளாட்டுக்காரர்கள் எல்லோரும் ஃபட்ஜ் கேட்டார்கள். நான் கிளற, அவள் இடது கையால் அழுத்த, நாள் போயிற்று. ஒருநாள் கிண்ணத்தில் விழுந்த பாகுச் சொட்டைப் பார்த்து, “கரைஞ்சு போயேன்,” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அது கரையவில்லை, உருண்டு நின்றது. இன்னொரு சொட்டு விட்டேன், இன்னொன்று விட்டேன். பாகு முறுகிக் கருகி வாசனை தெருவரைக்கும் போய்விட்டது. நர்மதா ஓடிவந்து வாணலியை இறக்கினாள்.

“ஒனக்கு இன்னா ஆச்சு, பேஜாரு புடிச்சவ மாதிரி?” என்று அவள் சிரித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைக்கிறதுபோலத் திரும்பிக்கொண்டேன். தாங்கமுடியவில்லை.

தை அமாவாசையன்று விடியற்காலையில் இருவரும் ஷேர் ஆட்டோவில் கிளம்பினோம். வெல்லத்தை நானே தேர்ந்தெடுத்தேன், கல் மண் இல்லாத நல்ல மண்டை வெல்லம். நம்பிக்கை இல்லாதவள் எதற்குத் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. குளக்கரையில் கால் வைக்க இடமில்லை, அத்தனை கூட்டம். படியெல்லாம் வழுக்கல். வெல்லம் கரைந்து கரைந்து தண்ணீர் விரலில் பிசுக்கென்று ஒட்டியது.

“நாளைக்குக் காலைல ஒம்போது மணிக்கு டாக்டர். ஞாபகம் இருக்குல்ல?” என்றேன்.

“எதுக்குக்கா?” அவள் முகமெல்லாம் மலர்ச்சி. “நேத்து தொட்டுப் பாத்தேன். சின்னதாயிடுச்சு. பாதிகூட இல்ல.”

“எங்க, ஊட்டுக்குப் போனதும் நான் பாக்கறேன்.”

“ஒன்கிட்ட எதுக்குக் காட்டணும்? நீ பெருசாயிருக்குன்னுதான் சொல்லுவ.”

சொல்லிக்கொண்டே அடுத்த படியில் கால் வைத்தவள் வழுக்கினாள். நான் சட்டென்று அவள் வலது அக்குளில் கை கொடுத்துத் தாங்கினேன். என் விரல் அங்கே ஒன்றில் பட்டது. வேர்க்கடலை அளவு. அமுங்கவில்லை. நழுவவில்லை. போன முறை எந்தப் பதமென்று தெரியாமல் விழித்த விரல், இந்த முறை தொட்டவுடனே கண்டுகொண்டது.

“கூசுது, வுடுக்கா,” என்று நெளிந்தாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று, வெல்லத்தை இரண்டு கையாலும் பிடித்து முக்கினாள். பழுப்பாக நீர் பிரிந்து போனது. “பாரேன், எவ்ளோ சீக்கிரம் கரையுதுன்னு.”

“நர்மதா,” என்றேன். “இன்னொண்ணு வந்திருக்குடி. அக்குள்ல. இப்பதான் என் கையில பட்டுது. பெருமாள் மேல ஆணை.”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. சின்னப் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பதுபோலச் சிரித்தாள்.

“கொளத்துலயே நின்னுக்கினு பொய் சொல்றியேக்கா. ஒனக்கு என் மேல அவ்ளோ பாசமா?”

மீதியிருந்த அரை வெல்லத்தை என் உள்ளங்கையில் வைத்து, தன் கையால் என் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் அழுத்தினாள். “நீயும் கரை. ஒன் கை ராசியான கை,” என்றாள். நான் கரைத்தேன்.