ஆணியில் இல்லாத சாவி

விபத்து அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை மானேஜர் பென்சிலால் குறித்துக் கொடுத்திருந்தார். அதற்கு மேல், "தொழிலாளி தன் கவனக்குறைவால் விழுந்தார்" என்று ஒரே வரி. சூப்பர்வைசர் பேனாவைத் திறந்தார், மூடினார். சரக்கு மேடைப் பொறுப்பில் இருபத்தாறு வருஷம். தப்பான காகிதம் எதிலும் அவர் கையெழுத்து இருந்ததில்லை.

மேடை நாலடி உயரம். லாரி பின்னால் வந்து ஒட்டி நின்றதும் சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். டிரைவர் இறங்கிச் சாவியைக் கொடுக்க வேண்டும். அது சுவரில் இருக்கும் ஆணியில் தொங்க வேண்டும். கடைசி மூட்டை இறங்கும்வரை வண்டி நகரவே கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவரே அவர்தான். தர மாட்டேன் என்று முறைத்த டிரைவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்.

போன வாரம் வந்த லாரி மட்டும் சம்பந்தியுடையது. மகளைக் கட்டிக்கொடுத்து எட்டு மாதம்தான் ஆகிறது. மாப்பிள்ளையின் அப்பா முதன்முதலாகத் தன் வேலையிடத்துக்கு வருகிறார் என்று, சூப்பர்வைசரே துண்டால் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சம்பந்தி ஸ்டியரிங்கை விட்டு இறங்கவில்லை. "இருக்கட்டும் சம்பந்தி, உக்காந்து உக்காந்து பழகிடுச்சு" என்றார்.

மூட்டை இறக்கும் நெட்டை வழக்கம்போலக் கட்டையோடு வந்தான். "ஐயா, சாவி?"

"யாருகிட்ட என்ன கேக்குறதுன்னு இல்ல? அவரு என் சம்பந்திடா. கட்டையும் வேணாம், கிட்டையும் வேணாம். போய் வேலையைப் பாரு."

நெட்டை கட்டையை ஓரமாகப் போட்டுவிட்டுப் போனான். கால் மணி நேரம் கழித்துப் பின்னால் இன்னொரு லாரி ஹாரன் அடித்தது. சரக்கு இறங்கிவிட்டது என்று நினைத்து, வழி விடுவதற்காகச் சம்பந்தி வண்டியை இரண்டடி முன்னால் எடுத்தார். லாரிக்குள்ளிருந்து தள்ளுவண்டியை இழுத்தபடி பின்பக்கமாகவே நடந்து வந்த நெட்டையின் கால், மேடை இருக்கும் என்று நம்பிய இடத்தில் காற்றை மிதித்தது. அவன் விழுந்த பிறகு தள்ளுவண்டியும் விழுந்தது.

நேற்று சூப்பர்வைசர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. அவரைக் கண்டதும் நெட்டை எழுந்திருக்கப் பார்த்தான்.

"ஒரு கால் கொஞ்சம் குட்டையாயிடுமாம் ஐயா. இனி பசங்க என்ன பேரு வைப்பானுங்களோ!"

சிரிக்க முடியாமல் நின்றவரிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "நானாத்தான் தவறி விழுந்தேன்னு மானேஜர்கிட்ட சொல்லிட்டேன். சம்பந்தி வீட்டு விஷயம். உங்க பேரு கெடக் கூடாதில்ல?"

பக்கத்தில் அவன் மனைவி நின்றிருந்தாள். கவனமில்லாதவன் என்று எழுதிவிட்டால் கால் ஆறினாலும் அவனை மேடையில் ஏற்றமாட்டார்கள் என்பது அவளுக்கும் தெரியும். போர்வையின் ஓரத்தை இழுத்து விட்டுக்கொண்டே இருந்தாள். யார் தயவிலும் நின்றறியாத மனிதர், அந்தக் கட்டிலருகே முதுகு வளைந்து நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் சம்பந்தியின் போன். "அவனே தானா விழுந்தேன்னு சொல்றான். நீங்க ஏன் சம்பந்தி கிளறுறீங்க? உங்க பொண்ணு இங்க நல்லா இருக்கா. அப்படியே இருக்கட்டுமே."

கடைசிச் சொல் ராத்திரி முழுக்க முள்ளாக உறுத்தியது. விஷயத்தைச் சொன்னபோது மனைவி, "பொண்ணை நினைச்சுப் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அவர் மகளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். அந்தப் போர்வை ஓரத்தை இழுத்தவளையும் நினைத்தார்.

இப்போது பேனாவைத் திறந்து அந்த வரியை அடித்தார். கீழே, "சாவி வாங்கவில்லை. கட்டை வைக்கவில்லை. கேட்டவனைத் தடுத்தது நான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மை காய்வதற்குள் வெளியே பழக்கமான ஹாரன் கேட்டது.

சம்பந்தியின் லாரி பின்னால் நகர்ந்து வந்து மேடையை ஒட்டி நின்றது. ஆட்கள் மேடை விளிம்பில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னாலேயே நின்றார்கள். சூப்பர்வைசர் படியிறங்கி, கட்டையைத் தன் கையாலேயே சக்கரத்துக்கு அடியில் தள்ளினார். பிறகு டிரைவர் கதவருகே போய் உள்ளங்கையை நீட்டினார்.

"சாவி குடுங்க."

"என்ன சம்பந்தி இது? எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். அன்னைக்கும் எல்லாரும் பாத்தாங்க."

எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. சுவரில் ஆணி வெறுமையாக இருந்தது. நீட்டிய கையை அவர் கீழே இறக்கவில்லை.