பவளத்தின் ஆட்சேபணை

"மச்சாள், அந்த நீலச் சீலை வேண்டாம். வெள்ளையைக் கட்டுங்கோ. பாக்கிறவைக்கு ஒரு பரிதாபம் வரவேணும்" என்றாள் தம்பி பெண்சாதி வைதேகி.

பவளத்துக்குத் திக்கென்றது. போன மாதம் வைதேகியின் மகள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியச் சடங்கு நடந்தபோது, "நீங்கள் முன்னுக்கு நிண்டால் சரியில்லை, மச்சாள்" என்று அவளைக் குசினி அடுப்படியில் இருத்திக் கதவைச் சாத்தியவளும் இதே வைதேகிதான்.

விஷயம் இதுதான். தொண்ணூற்றேழாம் ஆண்டு. சிட்னியின் பென்டில் ஹில்லில் அவர்கள் தெருவுக்குப் பின்னால் கிடந்த வெறுங்காணியில், அரசாங்கத்துக்காக ஒரு தனியார் கம்பனி சிறைச்சாலை கட்டி நடத்தப் போகிறதாம். மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் அன்று மாலை. வீட்டு விலை விழுந்துவிடும் என்று பவளத்தின் தம்பி வரதராஜன் கணக்குப் போட்டான். ஒரு விதவை எழுந்து அழுதால் வெள்ளைக்காரர் மனம் இளகும் என்று நம்பினான்.

"அக்கா, நீங்கள் முன் வரிசையிலை இருக்கோணும். மூண்டு வசனம்தான். நான் விதவை. நான் தனிச்சவள். எனக்குப் பயமாக் கிடக்கு. விளங்கிச்சோ?"

"தனிச்சவளோ? இந்த வீட்டிலை ஏழு பேருக்கு நான்தானே தம்பி சமைக்கிறன்?"

"அது அவைக்குத் தெரியத் தேவையில்லை."

நியாயத்தைப் பாருங்கள்! நல்ல காரியத்தில் கண்ணில் படக் கூடாதவள், சிறைச்சாலைக் கூட்டத்துக்கு முதல் ஆள்.

மண்டபத்தைப் பார்த்தால் கலியாண வீடு தோற்றுப்போகும். வாசலில் பலூன், மேசையில் சான்ட்விச், நடுவில் சிறைச்சாலையின் சின்ன மாதிரி, சுற்றிலும் பிளாஸ்டிக் மரங்கள். கைதிகள் தங்கள் கார்களை எங்கே நிறுத்துவார்கள் என்று ஒருவர் எழுந்து கோபமாகக் கேட்டார். கூட்டத்தை நடத்த வந்திருந்த கம்பனிக்காரி அதையும் பணிவாகக் குறித்துக்கொண்டாள்.

மொழிபெயர்ப்புக்கு வந்திருந்த சென்னைப் பெண் கிரிஜா, பவளத்தின் பக்கத்தில் உட்கார்ந்து சுவரில் மாட்டியிருந்த விளக்கப் பலகையைப் படித்துச் சொன்னாள்.

"கைதிங்களை தினம் ரெண்டு மணி நேரம் வெளியில நடக்க விடுவாங்களாம். வாரத்துல மூணு நாள் இங்கிலீஷ் கிளாஸ். சனி, ஞாயிறு பாக்க ஆள் வரலாம். கிச்சன்ல வேலை செஞ்சா சம்பளமும் உண்டு, ஆன்ட்டி."

பவளம் ஒவ்வொன்றையும் இரண்டு தரம் கேட்டுக்கொண்டாள். அவள் சிட்னிக்கு வந்து ஆறு வருடம். ரயில் நிலையம் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. இங்கிலீஷ் வகுப்புக்குப் போகட்டுமா என்று கேட்டதற்கு, புருஷன் இல்லாதவள் றோட்டில் திரிந்தால் சனம் என்ன கதைக்கும் என்று தம்பி வாயை அடைத்திருந்தான்.

அவள் முறை வந்தது. வரதராஜன் கண்ணால் சாடை காட்டினான். பவளம் எழுந்தாள்.

"பிள்ளை, நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லும். நான் விதவை. எனக்குப் பயமில்லை. இதிலை பொம்பிளையளையும் எடுப்பினமோ?"

"அக்கா, இருங்கோ!" வரதராஜன் பல்லைக் கடித்தான்.

"பொறு தம்பி. புருஷன் செத்ததைத் தவிர நான் வேறை ஒரு குற்றமும் செய்யேல்லை. அதுக்கு எடுப்பினமெண்டால் என்ரை பேரையும் பதியச் சொல்லும், பிள்ளை."

கிரிஜா ஒருமுறை வரதராஜனைத் திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் ஒரு சொல் விடாமல் சொன்னாள். கம்பனிக்காரிக்கோ வாயெல்லாம் பல். அன்று மாலை முழுவதும் அவளுடைய திட்டத்துக்குக் கிடைத்த ஒரே ஆதரவு அதுதான்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. சிறைச்சாலை ஆலோசனைக் குழுவில் பவளம் சமூகப் பிரதிநிதியாம்! மாதம் ஒரு கூட்டம், கார் அனுப்புவார்களாம். கிழிக்கப் போன வரதராஜன், அரசாங்க முத்திரையைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டான்.

குறித்த நாள் காலையில் கார் வந்து நின்றது. டிரைவர் இறங்கிக் கதவைத் திறந்து பிடித்தான். ஆறு வருடத்தில் அவளுக்கென்று ஒரு கதவைத் திறந்துவிட்டவர்கள் சிறைச்சாலை கட்டுகிறவர்கள்தான். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல!

"மச்சாள், மத்தியானச் சாப்பாடு?" வைதேகி வாசலுக்கு ஓடி வந்தாள்.

"இண்டைக்கு நான் உலை வைக்கேல்லை. நீர் பாரும், வைதேகி. நான் போயிட்டு வாறன்."