கடை எத்தனை மணிக்குப் பூட்டும்?

வான் வண்டியின் பின்பக்கம் டப்பென்று ஒரு சத்தம். டயர்தான் போய்விட்டது என்று அம்புறோஸ் அடுத்த நெடுஞ்சாலைத் தரிப்பிடத்துக்குள் வண்டியை ஒடித்து நிறுத்தினார். டயருக்கு ஒன்றுமில்லை. வெடித்துத் திறந்தது கணவாய்க் கறி வாளியின் மூடி.

“இகிட்!” மகள் எவ்லின் ஜேர்மன் மொழியில் அருவருத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு புல்வெளிக்கு ஓடினாள்.

மனைவி பிறேமா பின்கதவைத் திறந்தாள். நாற்றம் முகத்தில் அறைந்தது. முதல்நாள் கறி, ஆனி மாத வெயிலில் தேங்காய்ப்பால் நுரைத்துப் பொங்கி, அந்தோனியார் கோயிலுக்கென்று மடித்து வைத்த அவளுடைய நீலச் சேலையில் வழிந்துகொண்டிருந்தது.

ஜேர்மனியின் வுப்பர்டாலில் இருந்து இத்தாலியின் பதுவைக்கு மூன்று நாள் யாத்திரை. மூன்று நாளுக்கும் சாப்பாடு வீட்டிலிருந்தே வரவேண்டும் என்பது அம்புறோசின் சட்டம். இத்தாலியில் ஒரு கடை வாசலையும் மிதிக்கமாட்டாராம். பிறேமாவுக்கோ, வாழ்க்கையில் ஒரு நேரமாவது இன்னொருவர் சமைத்ததைக் கதிரையில் சாய்ந்திருந்து சாப்பிட ஆசை. அதற்காகவே இத்தாலிய வசனப் புத்தகம் ஒன்றைக் கொலோனில் வாங்கி, கைப்பையில் ஒளித்து வைத்திருந்தாள்.

“இனியென்ன, அங்கை வாங்கித்தான் தின்னவேணும்,” என்றாள். குரலில் வந்த சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை.

“ஏன்? அடியிலை கிடக்கிறது நல்லாத்தான் இருக்கும்.”

அம்புறோஸ் வாளிக்குள் கையை விட்டு ஒரு துண்டை எடுத்தார். கொழகொழவென்று நூல் இழுத்தது. போத்தல் தண்ணீரில் கழுவி வாயில் போட்டார்.

பிறேமா ஓரடி பின்வாங்கினாள். “சீ! நாயும் மணந்து பாக்காது. நீங்கள் மனிசரே?”

“கழுவினா ஒண்டும் செய்யாது.” மென்றுகொண்டே சொன்னார்.

பதினைந்து வருஷம் இந்த வாயோடா குடும்பம் நடத்தினேன் என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. கைப்பையிலிருந்து புத்தகத்தை உருவி, ரொட்டிப் படம் போட்ட பக்கத்தை விரித்தாள்.

“ஜேர்மனிக்கு வரமுதல் எட்டு மாசம் இத்தாலியிலை இருந்தனான், அவங்கடை பாஷை தண்ணி மாதிரி வரும் எண்டு போற வாற இடமெல்லாம் அளந்தனீங்கள்தானே. சொல்லுங்கோ பாப்பம், பாண் கடை எங்கை எண்டு எப்பிடிக் கேக்கிறது?”

அம்புறோஸ் விழித்தார்.

“இறைச்சிக் கடை? மரக்கறிக் கடை?”

அம்புறோஸ் வாளியின் மூடியைத் தேடத் தொடங்கினார்.

“அப்பா சுத்தப் புளுகு!” புல்வெளியில் எவ்லின் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிறேமா வெறுப்போடு பக்கத்தைப் புரட்டினாள். “கடை எத்தினை மணிக்குப் பூட்டும்? இதாவது தெரியுமோ?”

“அ கே ஓரா கியூடெ?”

பட்டென்று வந்தது. புத்தகத்தில் பார்த்தாள். ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை.

“இதென்ன கூத்து? கடை எங்கையெண்டு கேக்கத் தெரியாது, பூட்டுற நேரம் மட்டும் கேக்கத் தெரியுமோ?”

அம்புறோஸ் கழுவிய இன்னொரு துண்டை உள்ளங்கையில் வைத்தபடி நின்றார். மகளுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

“காசில்லாதவன் கடையை ஏன் தேடுறான், பிறேமா? பூட்டினாப் பிறகுதானே குப்பை வாளியை வெளியிலை வைப்பாங்கள்.”