கேன்டீன் ரம்மும் ஆண்டிச்சாமியின் கல்லீரலும்

சேத்தூர் ஆண்டிச்சாமி பட்டாளத்தில் இருபத்து நாலு வருஷம் இருந்தவர். மோரைத் தவிர வேறெதையும் குடித்தறியாதவர். நீங்கள் நம்ப மாட்டீர்கள் கண்ணுகளா. அவர் பெண்சாதி வெள்ளத்தாயே நம்பவில்லை.

கண் மஞ்சளாகி, ராஜபாளையத்தில் ரத்தம் பார்த்து, கல்லீரல் வீக்கம் என்று சீட்டு வந்த அன்றைக்கே அவர் சட்டைப்பையில் இன்னொரு சீட்டும் அவளிடம் சிக்கியது. மிலிட்டரி கேன்டீன் சீட்டு. ரம், மூன்று பாட்டில்.

அந்த ரம் மாதாமாதம் போய்ச் சேருவது தங்கை புருஷன் தங்கப்பாண்டியனுக்கு. தங்கை பானுப்பிரியாவுக்குத் தெரிந்தால் வீடு ரெண்டாகிவிடும் என்று, சொல்ல மாட்டேன் என வாக்குக் கொடுத்திருந்தார். பட்டாளத்துக்காரர் வாக்கு. வாயைத் திறக்கவில்லை. வெள்ளத்தாயும் திறக்கவில்லை. சோறு வந்தது, பேச்சு வரவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரம்மா எல்லாச் சோதனையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது குடியால வந்ததில்ல. உடம்பைக் காக்குற எதிர்ப்பு சக்தியே கல்லீரலைப் பகைன்னு நெனச்சுத் தாக்குது. மாத்திரையில அடக்கலாம். நீங்களா நிறுத்தக் கூடாது."

"காவலுக்கு நிக்குத நம்ம சென்ட்ரியே நம்மாளைச் சுடுத மாதிரியாம்மா?" என்றார் ஆண்டிச்சாமி.

"அதேதான். சில குடும்பங்கள்ல மரபா வரும். கூடப் பிறந்தவங்களுக்கும் பார்த்துடுங்க."

வெள்ளத்தாய் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "டாக்டரம்மாவையும் ஏமாத்தியாச்சு."

பானுப்பிரியா மில் வேலைக்காரி. உடம்பு அலுப்பெல்லாம் வேலையால்தான் என்று இருந்தவள், அண்ணன் விடாமல் சொல்ல, ரத்தம் கொடுத்தாள். பயத்தில் தங்கப்பாண்டியனும் கையை நீட்டினான். நாலாம் நாள் எல்லாரும் டாக்டரம்மா முன்னால்.

"பானுப்பிரியா, உங்களுக்கும் அதே கோளாறுதான். ஆரம்பம், பயப்படாதீங்க. உங்க வீட்டுக்காரருக்கு இப்போதைக்கு ஒண்ணுமில்ல."

வெள்ளத்தாய் நாத்தனாரையே பார்த்தாள். "ஏட்டி, நீ மோரைத் தவிர எதையும் தொட மாட்டியே."

தங்கப்பாண்டியனுக்கு வேர்த்துவிட்டது. "அக்கா, மச்சானை ஒண்ணும் சொல்லாதிய. அம்புட்டு பாட்டிலையும் குடிச்சது நாந்தான்."

பானுப்பிரியா புருஷன் பக்கம் திரும்பினாள். "மோர் குடிச்ச எங்களுக்கு வீக்கம், ஒமக்கு ஒண்ணுமில்ல. வீட்டுக்கு வாரும். வீக்கத்துக்கு நான் ஏற்பாடு பண்ணுதேன்."

"மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னயா, பொறவா?"

வெள்ளத்தாய் கேட்டது டாக்டரம்மாவை அல்ல, புருஷனை. இருபது நாளில் அவரிடம் பேசிய முதல் பேச்சு.

"பொறவு," என்றார் ஆண்டிச்சாமி.

பஸ் ஏறியதும், "எங்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்று தொடங்கியவள், ராஜபாளையம் தாண்டிச் சேத்தூர் வரைக்கும் நிறுத்தவில்லை. ஆண்டிச்சாமி ஒரு சொல் சிந்தாமல் கேட்டுக்கொண்டே வந்தார்.