குழி தோண்டிய பிறகு கேட்ட கருத்து

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு மழையால் கிடைத்தது.

1993, வைகாசிக் கடைசி. இராஜபாளையத்தில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலை முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். கோடை மழை சாய்த்து அடித்தது. ஒதுங்க ஓடிய கல்யாண மண்டபத்தின் வாசலில் ஒரு துணி பேனர் நனைந்து தொங்கியது: ‘வேம்படிப் பூங்காவில் மாபெரும் பொருட்காட்சி. பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். அனைவரும் வருக.’

எனக்கு அந்தப் பூங்காவைப் பற்றி எந்தக் கருத்தும் கிடையாது. நான் அந்த ஊர்க்காரியே இல்லை. உள்ளே மின்விசிறி ஓடியது, நாற்காலிகள் காலியாக இருந்தன, உட்கார்ந்தேன். எழுந்தபோது மழை நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. அன்று அங்கே ஒரு தாயும் மகளும்

வேண்டாம். வரிசையாகவே சொல்கிறேன். மூன்று வருஷமாக இதை எழுதுகிறேன். ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில்தான் அவசரப்பட்டுக் கெடுத்துவிடுகிறேன்.

(பூங்காவின் பெயரும் அதை நிர்வகிக்கும் கமிட்டிக்காரர்களின் பெயர்களும் நான் உண்டாக்கியவை. இராஜபாளையத்தில் தேடிப் போகாதீர்கள்.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: ‘மேற்கு மலையின் மேல் இருள் விலகிக்கொண்டிருந்தது. வேப்பமரங்களுக்கு அடியில் ஒரு பெண் பனித்துளியைப் போல’

அடித்துவிட்டேன். குருவம்மாள் பனித்துளி இல்லை. இருபது வயது. பேண்டேஜ் கம்பெனியில் துணி வெட்டுகிறவள். அப்பா வீரணன் ராணுவத்தில், வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வருகிறவர். மகளிர் போலீஸ் தேர்வுக்கு அவள் மனுப்போட்டிருந்தாள். ஆவணி மாதம் விருதுநகரில் ஓட்டம், தாண்டுதல் எல்லாம் நடக்கும். அதற்குப் பழக வேண்டும்.

எங்கே பழகுவது? ரோட்டில் ஓடிப் பார்த்தாள். சைக்கிளில் ஒருவன் கூடவே வந்தான். மறுநாள் மூன்று பேர் வந்தார்கள். டீக்கடையில் அவளுக்குப் பெயர்கூட வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரைப் பின்னாளில் என்னிடம் சொன்னாள், நான் எழுதமாட்டேன். பிறகுதான் பூங்காவைக் கண்டுபிடித்தாள். சுற்றுச்சுவர் இருந்தது. விடிகாலையில் கூட்டிப் பெருக்க வரும் பெண் கேட்டைத் திறப்பாள். கம்பெனிச் சங்கு ஊதும்வரை அந்த மண்பாதை குருவம்மாளுடையது. அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஊரில் ஒரு பெண் வேகமாக ஓடினால் யாரும் என்னவென்று கேட்காத ஒரே இடம் அதுதான்.

இதுவரை எழுதியதும் எனக்கே கதை பிடித்துப்போனது. பூங்கா நல்லது, பொருட்காட்சி கெட்டது, முடித்துவிடலாம். ஆனால் வெள்ளத்தாய் இருக்கிறாளே!

3

வெள்ளத்தாய் குருவம்மாளின் அம்மா. மில் வாசலில் குழிப்பணியாரம் விற்கிறவள். வாட்ச்மேன் விரட்டினால் கொஞ்சம் தள்ளி உட்காருவாள். போலீஸ் விரட்டினால் இன்னும் கொஞ்சம் தள்ளி. மழை வந்தால் அடுப்பையே தலையில் தூக்கிக்கொண்டு ஓடுவாள்.

மதுரையிலிருந்து வந்த பொருட்காட்சிக் காண்ட்ராக்டர் சோலைராஜ் அவள் பணியாரத்தைத் தின்றுவிட்டு, “ராட்டினத்துக்குப் பக்கத்துல ஒனக்கு ஒரு கடை போட்டுத் தாரேன். தகரக் கூரை, ட்யூப் லைட்டு, எல்லாம் உண்டு” என்று சொல்லியிருந்தார். ஆடியும் ஆவணியும், இரண்டு மாதம். ஆண்டாள் தேருக்கு வரும் கூட்டமெல்லாம் ராட்டினம் பார்க்க இங்கே வரும் என்பது அவர் கணக்கு. கூட்டத்தில் எழுந்து ஆதரவாக நாலு வார்த்தை பேச வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டில் நடந்த சண்டையை இருவரும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். ஆச்சரியம், இருவர் சொன்னதும் ஒன்றாகவே இருந்தது.

“ரெண்டு மாசம் ஓடாட்டா ஒங்காலு துருப்பிடிச்சா போகும்?”

“ஆவணியிலதான் செலக்சன், யம்மா. ரெண்டு மாசம் கழிச்சு நான் யாருக்கு ஓடிக் காட்ட?”

“நீ போலீஸாகித்தான் என்னைய வெரட்டணுமாக்கும்? இருக்கிற போலீஸு பத்தாதா?”

“ஒனக்குத் தகரக் கூரைதான் பெருசு.”

“ஆமாட்டி, பெருசுதான். ஒருநா மழையில ஒக்காந்து பாரு. எம்புட்டுப் பெருசுன்னு தெரியும்.”

இந்தச் சண்டையில் யார் பக்கம் நிற்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கதை எழுதுகிறவர்கள் எப்போதும் ஒரு பக்கம் நின்றே ஆகவேண்டும் என்று யாராவது நினைத்தால், அவர்கள் வந்து எழுதிக்கொள்ளட்டும்.

கூட்டத்துக்கு முந்தின நாள் காலை குருவம்மாள் வழக்கம்போல ஓடினாள். இருட்டு முழுதாகப் போகவில்லை. பாதையின் வளைவில் தரை இல்லை. இடுப்பளவு குழி. ராட்டினத்துக்குக் கால் நடுவதற்காக முந்தின சாயங்காலம் தோண்டிப் போட்டிருந்தார்கள். மேலே ஒரு பலகைகூட இல்லை. மற்ற இரண்டு பெண்களும் கைகொடுத்துத் தூக்கினார்கள். கணுக்கால் அங்கேயே வீங்கத் தொடங்கிவிட்டது. கம்பெனிக்குப் போய், தானே வெட்டிய பேண்டேஜைத் தானே சுற்றிக்கொண்டாள்.

அம்மா கேட்டதற்குக் குழாயடியில் வழுக்கிவிட்டது என்றாள். ஏன் என்று நான் கேட்டேன். “சொன்னா, ஓடுனதாலதான விழுந்தேன்னு அதுக்கும் வைவா, அக்கா” என்றாள்.

4

இங்கே ஒரு சந்தேகத்தைச் சொல்ல வேண்டும். கமிட்டிச் செயலாளர் வைகுண்டராஜைப் பற்றியது.

முதல் பிரதியில் அவருக்குத் தொப்பை வைத்தேன். விரலில் மோதிரம், வாயில் வெற்றிலை. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நிஜத்தில் அவர் ஒல்லியானவர். பூங்காவின் வேப்பமரங்களில் பாதி அவர் கையால் தண்ணீர் ஊற்றி வளர்த்தவை. பொருட்காட்சி வாடகையில் சுவரைப் பூசலாம், குழந்தைகளுக்குப் புது ஊஞ்சல் போடலாம் என்று உண்மையாகவே நினைத்தார். தனக்கென்று எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை.

அவரைக் கெட்டவராக்க முடியாதது எனக்குப் பெரிய இடைஞ்சல். (தொப்பையை இன்னொரு கதைக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.) ஊருக்கு எது நல்லது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டபின் ஊரைக் கேட்பது அவரைப் பொறுத்தவரை ஒரு மரியாதை. கல்யாணம் நிச்சயமான பிறகு பெண்ணைக் கூப்பிட்டுச் சம்மதமா என்பார்களே, அந்த மாதிரி.

5

கூட்டம். நான் கண்ணால் பார்த்தது.

மேடையில் வைகுண்டராஜும் சோலைராஜும். ஓரத்தில் மைக்செட் இருளப்பசாமி. சோலைராஜ் மரணக்கிணறு, டெல்லி அப்பளம், ராட்சத ராட்டினம் என்று வரிசையாகச் சொல்ல, பின்னால் இருந்தவர்கள் விசிலடித்தார்கள். பிறகு வைகுண்டராஜ், “சிறுவியாபாரிகள் சார்பாக வெள்ளத்தாய் பேசுவாங்க” என்றார்.

வெள்ளத்தாய் மைக்கைப் பிடித்த விதத்தில் பயமே இல்லை. “எனக்குக் கடை வேணும். ரெண்டு மாசமாவது ஒரு எடத்துல, யாரும் எந்திரின்னு சொல்லாம ஒக்காந்து யாவாரம் பாக்கணும். அதுக்காகப் பொருட்காட்சி வரட்டும்” என்றாள். கைதட்டல். நானும் தட்டினேன்.

“எதிர்க்கருத்து உண்டா?” என்று கேட்டுக்கொண்டே வைகுண்டராஜ் நன்றியுரைக்காக எழுந்தார்.

பெண்கள் பக்கம் கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி நொண்டிக்கொண்டு வந்தாள். வெள்ளத்தாயின் முகம் மாறியதைப் பார்த்துத்தான் அது மகள் என்று எனக்குத் தெரிந்தது.

“அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும்.”

“கேளும்மா.”

“கூட்டம் இன்னைக்குத்தான?”

“இன்னைக்குத்தான்.”

“அப்பம் குழிய முந்தாநாளே ஏன் தோண்டுனீக?”

“அது ஆயத்த வேலைம்மா” என்றார் வைகுண்டராஜ்.

“நாங்க வேண்டாம்னு சொல்லியிருந்தா?”

அவர் சிரித்தார். கேலியாக அல்ல, நிஜமான குழப்பத்தோடு. அப்படி ஒன்று அவருக்குத் தோன்றவே இல்லை. “உங்க அம்மா வேணுங்கறாங்க. நீ வேண்டாங்கற. ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு கருத்து. இதுக்குத்தாம்மா கமிட்டின்னு ஒண்ணு இருக்கு. நாங்க பாத்துக்கிடுதோம்.”

அவர் அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் பொருட்காட்சி நடந்திருக்கும், எனக்கும் கதை இருந்திருக்காது.

வெள்ளத்தாய் மைக்கை இன்னும் விடவில்லை. “செத்த நேரம் இருங்க. எந்தக் குழி?” என்றாள். மகளின் காலைப் பார்த்தாள். “ஏட்டி, குழாயடியில விழலையா நீ?”

“இல்ல யம்மா.”

“எங்க சண்டைய நாங்க வீட்டுல போட்டுக்கிடுதோம் மொதலாளி. அதைக் காட்டி நீங்க எதுக்கு நடுவுல வாரீக?” வைகுண்டராஜைப் பார்த்தபடியே அவள் சோலைராஜைக் கைகாட்டினாள். “நான் என்னா பேசணும்னு இவுக நேத்தே வந்து சொல்லிக் குடுத்தாக. குழிய அதுக்கும் முன்னாடியே தோண்டியாச்சு. பொறவு எங்கள எதுக்குக் கூப்பிட்டீக? கைதட்டவா?”

வைகுண்டராஜ் இருளப்பசாமியைப் பார்த்தார். மைக் செத்தது.

வெள்ளத்தாய் மைக்கைக் கீழே வைத்தாள். மில் சங்குக்கு மேலே கத்தி வியாபாரம் செய்த குரல் அது. இப்போதுதான் உண்மையில் மண்டபம் நிறைந்தது.

“கடை வேண்டாம்னு நான் சொல்லல! இப்பமும் வேணும்! கேட்டுட்டுத் தோண்டுங்கன்னுதான் சொல்லுதேன். மொதல்ல குழிய மூடுங்க. பொறவு கேளுங்க. வேண்டாம்னு சொன்னாலும் கேக்குறதுக்குக் காது வச்சிருக்கிற மாதிரி கேளுங்க. அது வரைக்கும் இது கூட்டமில்ல.”

பின்வரிசையில் ஒருவர் “ஒக்காரு ஆத்தா!” என்றார்.

“நீரு ஒக்காரும்!” என்றாள். அவர் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார்.

6

முடிவு, முதல் பிரதி: ‘மறுநாள் ஊரே திரண்டது. பொருட்காட்சி ஓடிப்போனது. தாய் மகளைக் கட்டிக்கொண்டு’

இதை வெள்ளத்தாயிடம் படித்துக் காட்டினேன். “நான் எப்பம் தாயி அவளைக் கட்டிக்கிட்டேன்?” என்று சிரித்தாள்.

நடந்தது இதுதான். மறுநாள் காலை பத்துப் பதினைந்து பெண்கள் மண்வெட்டியோடு போய்க் குழிகளை மூடினார்கள். வெள்ளத்தாயும் மூடினாள். மகளோடு ஒரு வார்த்தை பேசாமல் மூடினாள். வைகுண்டராஜ் வந்து வேப்பமரத்தடியில் நின்று பார்த்தார், தடுக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குள்ளேயே கூட்டம் போட்டார்கள். மேடை இல்லை, மைக் இல்லை. மூன்று மணி நேரம் சத்தம். ஊரில் பாதிப் பேருக்குப் பொருட்காட்சி வேண்டும் என்பது அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. ஒருவர் தன் பிள்ளைகள் ராட்டினத்தையே பார்த்ததில்லை என்று அழுதுவிட்டார். கடைசியில், ஒரு மாதம் மட்டும், மேற்குப் பாதியில் மட்டும், ஓட்டப்பாதையைத் தொடக்கூடாது என்று முடிவானது.

அந்தப் பாதி இடம் தனக்குக் கட்டுப்படியாகாது என்று சொல்லிவிட்டார் சோலைராஜ். ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டோரம் ஒரு தரிசு நிலத்தை வாடகைக்குப் பிடித்தார். அங்கே வெள்ளத்தாய்க்குக் கடை தரவில்லை. அவளும் கேட்கப் போகவில்லை. ஆடி மாதம் முழுக்க அந்தப் பொருட்காட்சி வாசலுக்கு வெளியே அடுப்பை வைத்து உட்கார்ந்தாள். ஆட்களை விட்டு எழுப்பப் பார்த்தார்கள்.

“இது ரோடு. உங்க காண்ட்ராக்டரு ரோட்டையும் வாடகைக்கு எடுத்துட்டாரா? கேட்டுட்டு வா” என்று அனுப்பிவிட்டாள். பஸ்ஸிலிருந்து இறங்கி நானும் வாங்கித் தின்றிருக்கிறேன். மழை வந்தது. அவள் நனைந்தாள். கூரை கிடைக்கவில்லை என்பதை நான் எந்த அழகான வாக்கியத்தாலும் மூடப்போவதில்லை.

7

பாக்கி இருப்பது விருதுநகர்.

கணுக்கால் தேற ஆடி பாதி ஆயிற்று. குருவம்மாள் மறுபடி பூங்காவில் ஓடினாள். ஆவணியில் வெள்ளத்தாய் பணியாரத்தைப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு அவளுடன் பஸ் ஏறினாள்.

இந்த இடத்தில் இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவள் தேர்வானாள், காக்கி போட்டு ஊருக்குள் நடந்துவந்தாள். இன்னொன்றில் தேறவில்லை, கம்பெனிக்குத் திரும்பினாள். இரண்டில் ஒன்றுதான் நடந்தது. எது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எது கதைக்குப் பொருத்தம் என்று கேட்க, போன மாதம் இரண்டையும் எடுத்துக்கொண்டு குருவம்மாளிடமே போனேன்.

இரண்டையும் நிதானமாகப் படித்தாள்.

“ரெண்டையும் எடுத்துருங்க அக்கா.”

“படிக்கிறவங்க கேப்பாங்களே, என்ன ஆச்சுன்னு?”

“நான் செயிச்சேன்னு எழுதுனா, பாத்தியா, பார்க்கைக் காப்பாத்துனது வீண்போகலன்னு சொல்லுவாக. தோத்தேன்னு எழுதுனா, இதுக்கா ஒரு பொருட்காட்சிய வெரட்டுனன்னு கேப்பாக. நான் தேறுனா ஒரு ஞாயம், தேறாட்டா ஒரு ஞாயமா? தோக்கப்போற பிள்ளைக்கு ஓட எடம் வேண்டாமா?”

இரண்டு முடிவுகளையும் மடித்துப் பையில் வைத்தேன்.

“சரி, முடிவை வாசகர்கிட்டயே விட்டுடறேன். அவங்க இஷ்டம்போல வச்சுக்கட்டும்” என்றேன். என் மாதிரி ஆட்களுக்கு அது ஒரு வழக்கமான தப்பிக்கும் வழி.

“அவுக யாரு அதை முடிவு பண்ண? அவுகளா ஓடுனாக?” என்றாள்.

ஆகையால் உங்களிடமும் விடுவதாக இல்லை. விருதுநகர் மைதானத்தில் விசில் ஊதினார்கள். குருவம்மாள் ஓடினாள்.