கரையாது என்று சொன்ன உப்பு

திகனவில் டொரதியின் வீட்டுக்குப் பின்னால் பழைய கார் பற்றரிகளை உடைத்து உள்ளே இருக்கும் ஈயத்தை உருக்கும் பட்டறை ஒன்று நான்கு வருடமாக நடந்தது. மதிலுக்கு இந்தப் பக்கம் அவர்களுடைய கிணறு. மகள் ஷெரினுக்கு ஆறு வயது. அடிக்கடி வயிறு வலித்தது. தெரிந்த எழுத்துகளையே மறக்கத் தொடங்கினாள். கண்டியில் இரத்தம் சோதித்த டொக்டர், உடம்பில் ஈயம் ஏறியிருக்கிறது என்றார்.

டொரதியின் தங்கை ஷாமலா மஹய்யாவவில் இருந்துகொண்டு, நகரத்துப் பள்ளிக்கூடமொன்றில் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பிக்கிறாள். சுகாதார அலுவலகத்துக்கு அவள்தான் போனாள். முஹ்ஸின் என்ற அதிகாரி உட்காரக் கதிரை கொடுத்துப் பொறுமையாகவே கேட்டார்.

"மண்ணுல இருக்கிறது ஈயச் சல்பேற்று மிஸ். அது தண்ணியில கரையாது. புள்ள மண்ணுல விளையாடியிருக்கும். கிணத்துக்குப் பயமில்ல."

கரும்பலகையில் ஷாமலாவும் அதைக் கரையாத உப்பு என்றுதான் எழுதுவாள். அது அவளை உறுத்தியது.

சனிக்கிழமை பள்ளி ஆய்வுகூடத்தில், அது உண்மையில் எவ்வளவு கரைகிறது என்று அளந்து பார்த்தாள். ஒரு முகவையில் செறிவு தெரிந்த ஈய நைத்திரேற்றுக் கரைசல். மற்றதில் ஈயச் சல்பேற்றுத் தூளைக் கலக்கி, கரைகிற மட்டும் கரையவிட்டுத் தெளியவைத்த நீர். இரண்டிலும் ஒவ்வோர் ஈயக் கோல்; கோல்கள் மின்னழுத்தம் காட்டும் மீற்றரோடு இணைத்தவை. நடுவே பொற்றாசியம் நைத்திரேற்றில் நனைத்த வடிதாள். இரு பக்கமும் ஈயம் ஒரே அளவு கரைந்திருந்தால் மீற்றர் பூச்சியம் காட்டும். வித்தியாசம் கூடக்கூட எண்ணும் கூடும். ஐம்பத்தைந்து மில்லிவோல்ற்று காட்டியது. கோல்களைத் தேய்த்து இன்னும் இரண்டு தரம் பார்த்தாள். அதே எண்.

அதை வைத்துக் கணக்குப் போட்டாள். லீற்றருக்கு இருபத்தெட்டு மில்லிகிராம் ஈயம். குடிநீரில் அனுமதிப்பது ஒரு மில்லிகிராமின் நூறில் ஒரு பங்கு.

கிணற்று நீரிலும் கோலை வைத்தாள். எண் ஓரிடத்தில் நிற்காமல் அலைந்தது. அவ்வளவு சிறிய அளவைப் பள்ளிக்கூட மீற்றரால் பிடிக்க முடியாது.

முஹ்ஸின் அவளுடைய தாளை இரண்டு தரம் வாசித்தார். "கணக்கு சரி மிஸ். அன்டைக்கு நான் சொன்னது பிழை. ஆனா இது போத்தல்ல இருந்த தூள். பட்டறைய நிப்பாட்டக் கிணத்துத் தண்ணியோட முடிவு வேணும். மாதிரிய நாங்கதான் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பணும். வாகனம் எப்ப கிடைக்கும்னு எனக்கே தெரியாது."

"அதுவரைக்கும் புள்ள எதக் குடிக்கிறது சேர்?"

அவர் அவளுடைய தாளைக் கோப்பில் செருகினார்.

அன்றே திகனவுக்குப் போனாள். டொரதி அடுப்பில் தண்ணீர் வைத்திருந்தாள்.

"அக்கா, இந்தத் தண்ணிய ஷெரினுக்குக் குடுக்காதீங்க."

"பச்சத் தண்ணி குடுக்கிறதே இல்லடி. அரை மணித்தியாலம் கொதிக்க வச்சு, ஆறவச்சுத்தான் குடுக்கிறேன்."

ஷாமலா சொன்னாள்: கொதித்தால் தண்ணீர்தான் ஆவியாகும், ஈயம் அப்படியே மிஞ்சும்.

"அப்ப இத்தன நாளும் நானேதான் கூட்டிக் குடுத்திருக்கேனா?" என்றாள் டொரதி. ஷாமலா அவள் கையைப் பிடித்தாள்.

மாதிரி எடுக்க நான்கு மாதம் கழித்து வந்தார்கள். அதற்குள் பட்டறைக்காரர் சாமான்களை ஏற்றிக்கொண்டு வேறெங்கோ போய்விட்டார். ஆளில்லாத இடத்தின்மேல் நடவடிக்கை எடுக்க முடியாது என்று விசாரணைக் கோப்பை மூடினார்கள். அந்த ஒழுங்கைக்குக் குழாய்த் தண்ணீர் இன்னும் வரவில்லை. புதனும் சனியும் ஷாமலா இரண்டு கேன் தண்ணீரை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகிறாள். குடிக்க மட்டும் காணும். சோறு வடிக்கக் கிணற்றுத் தண்ணீர்தான்.